பாதாள பூதம் பேசிய பாஷை

பவானிக்கா, நீ இருந்திருந்தால் அன்றைக்கு மேடையிலேயே என் காதைத் திருகியிருப்பாய். நடுவரிடம் எதிர்த்துப் பேசியதற்கு இல்லை. அதற்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். உன் கதையைக் கெடுத்ததற்கு.

எனக்கு அப்போது பதினேழு வயது. எட்டாவது பெயில். (கணக்கில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும்.) நானும் அக்காவும் பொம்மனஹள்ளியில் ஒரே கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் லாரிக்காகத் தெருவே குடத்தோடு நிற்கும்போது அக்கா கதை சொல்வாள். லாரி வராத நாளில் ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு பாதாளத்துக்கே தண்ணீர் பிடிக்கப் போகிற கதை. பாதாள வாசலில் ஒரு பூதம். அது நம்ம ஊர் பஸ் கண்டக்டர் மாதிரி, "முந்தே ஹோகி, முந்தே ஹோகி!" என்று கன்னடத்தில் எல்லோரையும் முன்னால் விரட்டும். அந்த இடம் வந்தால் தெருப்பிள்ளைகள் மொத்தமும் சேர்ந்து கத்தும்.

மஞ்சள் காமாலை அக்காவைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அம்மா வாசலைத் தாண்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்தப் பொங்கலுக்கு எங்கள் தெருத் தமிழ் மன்றத்தில் மாயக்கதைப் போட்டி வைத்தார்கள். அக்கா கதையைச் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்தே தீருவேன் என்று பெயர் கொடுத்தேன். கெஞ்சிக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

ஒரே நிபந்தனை, சுத்தத் தமிழ். அதனாலென்ன? புராணப் படம் பார்த்த தைரியத்தில் கதை முழுவதையும் மாற்றி வைத்திருந்தேன்.

"அவ்வமயம் அந்நங்கையானவள் குடமேந்தி..." (எந்த நங்கை? எனக்கே தெரியவில்லை.) பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூதம் வந்தது. "முன்னேகுவீராக!" என்றேன். ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. அதோடு பூதத்துக்கும் பேச்சு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "முந்தே ஹோகின்னு சொல்லுடி, மூதேவி! அவ இப்பிடியா சொன்னா?"

அம்மா!

"முந்தே ஹோகி!" என்று நான் கத்த, பிள்ளைகள் கத்த, நடுவர் மணியை அடித்தார்.

"ஏம்மா, பூதம் எதுக்குக் கன்னடம் பேசுது?"

"பொம்மனஹள்ளிக்குக் கீழ இருக்கிற பாதாளம் சார். வேற என்ன பேசும்?"

"ரூல்ஸ் தெரியுமில்ல? எறங்கு கீழ."

"ரூல்ஸ்னா தமிழா சார்?"

மைக்கை அணைத்தார்கள். தொண்டை இருந்ததே! கடைசிவரை சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். பரிசு கிடையாது. அடுத்த வருஷம் பெயர் கொடுக்கவும் விடவில்லை. அம்மா சிரித்தாளா? அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அது போதும்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது வழியை மறித்து நின்றால் அம்மா பூதக் குரலில்தான் விரட்டுவாள். (விருந்தாளியாக இருந்தாலும்.)

எங்கள் பவானிக்காவுக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் சாமி கும்பிடுங்கள். அவள் போன உலகத்து வாசலில் அவளை யாரும் நிற்க வைத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் வாயில் எந்த பாஷை வருகிறதோ அதிலேயே வேண்டுங்கள். சுத்தமாக இருக்க வேண்டியதில்லை.