நாற்பதில் நின்ற முள்

மாமனாரை வீட்டை விட்டு அனுப்பிவிடுவது என்று அக்டோபர் கடைசியில் ஒரு வீரமான தீர்மானத்துக்கு வந்தேன். அவர் செத்து மூன்று வருஷமாகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆள்தான் போனார். அவருடைய அம்பாசிடர் போகவில்லை. அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. வெளிர் நீலம். எங்கள் அரியலூர் வீட்டின் முன்பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. வயிற்றை எக்கிக்கொண்டால்தான் நான் வாசலுக்கு வர முடியும். அப்படி வரும்போதெல்லாம் அதன் முன்விளக்குகள் இரண்டும் என்னையே பார்ப்பது போலிருக்கும். உயிரோடு இருந்தபோது மாமனாரும் அப்படித்தான் பார்ப்பார். இமைக்க மாட்டார்.

சவரியார் வாத்தியார் என்றால் வரதராஜன்பேட்டைப் பக்கம் இன்றைக்கும் தெரியும். சயின்ஸ் வாத்தியார். கையில் எப்போதும் மூக்குப்பொடி டப்பா. அந்த வண்டியை நாற்பதுக்கு மேல் அவர் ஓட்டியதே இல்லை என்று ஊரே சொல்லும். என் மாமியார் இருந்தவரை, சர்ச்சுக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துச் சொல்வார். "இவரு முள்ளு நாப்பதத் தாண்டுனதே இல்ல." என்னிடம் சொல்லும்போது மட்டும் கூடவே ஒரு பார்வை இருக்கும்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணைச் சோதிக்கிறவன். ஆசை சின்ன ஆசைதான். கியர் போட வேண்டாத புதுக் கார் ஒன்று. முன்னால் டிவி மாதிரி ஒரு திரை. அதை நிறுத்த இடம் வேண்டும். ஆகவே மாமனார் கிளம்ப வேண்டும்.

மனைவி ஆனி ரோஸிடம் சொன்னேன். அழுவாள் என்று கைக்குட்டையோடுதான் போனேன்.

"அப்பா வண்டியவாங்க விக்கப் போறீங்க?"

"சும்மா நின்னா துருப்புடிச்சுப் போயிடும் ரோஸு."

"சரிங்க."

"சரியா?"

"உங்க இஷ்டம்ங்க."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் 'உங்க இஷ்டம்' என்று சொல்லி நான் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் ஆசை கண்ணை மறைத்தது. கண்ணாடிக் கடைக்காரனுக்கும் மறைக்கும்.

வாங்க வந்தவர் லப்பைக்குடிக்காடு ஜியாவுதீன் பாய். துபாயில் ரொம்ப காலம் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பழைய வண்டி என்றால் உயிர். கதவைத் திறந்து மூடி, அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். ஓடும்போதே டேஷ்போர்டின் நடுவிலிருந்த வட்ட மீட்டரை விரலால் தட்டினார். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

"மீட்டரு வேல செய்யலியே அண்ணே?"

"அது எதுக்கு பாய்? வண்டி ஓடுது, நிக்குது. பத்தாதா?"

"அங்க கொஞ்சம் கூடிட்டாலும் கேமரா பளிச்சுன்னு அடிச்சுரும். நான் ரோட்டப் பாத்து ஓட்டுனதவிட முள்ளப் பாத்து ஓட்டுனதுதான் ஜாஸ்தி. முள்ளு உண்மை பேசணும். பேசுச்சுன்னா இன்னிக்கே எடுத்துக்கறேன்."

பெரம்பலூருக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் கலைவாணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் அறுந்திருந்தது. புதுசு போட்டு, மீட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து, செல்போனில் வேகம் காட்டுகிற ஆப்பை வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டினார். போன் முப்பது என்றது. முள்ளும் முப்பது. போன் ஐம்பது. முள்ளும் ஐம்பது. அரியலூருக்குத் தனியாகத் திரும்பினேன். வழியெல்லாம் இரண்டும் பேசிவைத்தாற்போல் ஒன்றாகவே போயின. அறுபதைத் தொட்டபோது ஒரு சத்தம் போட்டேன். மாமனார் வண்டியில் அறுபது!

இரண்டு நாளில் கல்லறைத் திருநாள். வரதராஜன்பேட்டைக்குப் போய் மாமனார், மாமியார் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும்.

"அப்பா வண்டியிலயே போயிடலாங்க," என்றாள் ரோஸ். "கடைசியா ஒரு தடவ."

காலையிலேயே புறப்பட்டோம். அவள் முன்சீட்டில் ஏறி, கைப்பையிலிருந்து ஒரு மாதா சுரூபத்தை எடுத்தாள். விரல் உயரச் சிலைதான். அவள் அப்பா இருந்தவரைக்கும் அது அந்த வண்டியில்தான் இருந்தது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மீட்டருக்கு மேலே வைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது.

ஊரைத் தாண்டியதும் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. சுண்ணாம்புக்கல் லாரிகள் இறைத்த சேற்றில் ரோட்டோரத்து மரங்கள் எல்லாம் வெள்ளையாக நின்றன. எதிரில் வருகிறவன் பக்கத்தில் வரும்வரை தெரியவில்லை. முள் ஏறியது. இருபது. முப்பது. நாற்பது. நின்றது.

அழுத்தினேன். இன்ஜின் உறுமியது. முள் நாற்பது. காலை எடுத்தேன். வண்டி சோர்ந்து ஊர்ந்தது. முள் நாற்பது. பின்னாலிருந்து ஒரு சைக்கிள்காரர் வந்து, எங்களைத் தாண்டி, திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மூட்டத்துக்குள் போனார்.

"ரோஸு, அந்த சைக்கிளப் பாத்தியா?"

"பாத்தேன். பாவம், குளிர்ல போறாரு."

"நாம நாப்பதுல போறோம். அவரு நம்மளத் தாண்டிப் போறாரு!"

"நல்லா மிதிக்கிறாரு போல."

"அந்தப் போனக் கொஞ்சம் எடு. எவ்வளவு காட்டுதுன்னு பாப்போம்."

"கல்லறைக்குப் போறப்ப என்னங்க போனு?" என்று அதைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மூக்குப்பொடி. பின்சீட்டிலிருந்து. கண்ணாடியில் பார்த்தேன். செவ்வந்தி மாலையும் மெழுகுவத்திக் கட்டும்தான் இருந்தன. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் சீட்டு லேசாக அமுங்கியிருந்தது. பழைய சீட்டு அமுங்கித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல் அடித்துக்கொண்டதில் பாதிதான் காதில் விழுந்தது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். முள் இறங்கவில்லை. லேசாக நடுங்கிக்கொண்டு நாற்பதில் நின்றது. நிற்கிற வண்டி நாற்பதில் போய்க்கொண்டிருந்தது.

"ரோஸு... வண்டி ஓடுதா நிக்குதா?"

அவள் முள்ளைப் பார்த்தாள். கல்லறைகளைப் பார்த்தாள்.

"அப்பா எப்பவும் நாப்பதுலதாங்க போவாரு," என்றாள், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில். மாதாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கல்லறையில் அவள் ஏற்றிய மெழுகுவத்திகள் எல்லாம் நின்று எரிந்தன. நான் ஏற்றியது மட்டும் அணைந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடி அணைந்தது. காற்றே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

மறுநாள் பெரம்பலூருக்குத் தனியாக ஓட்டிப் போனேன். முள்ளும் போனும் மறுபடி ஒன்றாகப் போயின. கலைவாணன் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார்.

"ஒரு கோளாறும் இல்ல சார். யாரு ஏறுனா நாப்பதுல நிக்குதுங்கறீங்க?"

"என் பொண்டாட்டி ஏறுனா."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அது மீட்டர் கோளாறு இல்ல சார்."

ரோஸ் இல்லாமல் பாய்க்கு ஓட்டிக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். அவள் சந்தைக்குப் போகிற நேரமாகப் பார்த்து பாயை வரச் சொன்னேன். பாய் வந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். பின்கதவு திறந்தது. பட்டுப்புடவையோடு ரோஸ் ஏறினாள்.

"சந்தைக்குப் போகலியா?"

"அப்பா வண்டி போறப்ப நான் கூட இருக்க வேணாமாங்க?" என்றவள், முன்னால் எட்டி, "பாய், இந்த மாதாவ இங்க வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"தாராளமா வைங்கம்மா. மரியம் அம்மா எங்களுக்கும் பெரியவங்கதான்."

டக்.

பாய் நன்றாகத்தான் ஓட்டினார். சுரங்கத்துப் பக்கம் ரோடு காலி. முள் நாற்பதுக்கு வந்தது. பாய் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். மீட்டரைத் தட்டினார். என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சிமெண்ட் வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. பாய் இன்ஜினை அணைத்தார். முள் நாற்பதில் நடுங்கியது.

"அண்ணே," என்றார் மெதுவாக, "நீங்க பொடி போடுவீங்களா?"

"இல்ல பாய்."

"தங்கச்சி?"

"ஐயோ, இல்லீங்க," என்றாள் ரோஸ் பின்னாலிருந்து.

"அப்ப இது யாரு போட்ட பொடி?"

வாசனை எனக்கு மட்டும் வந்ததாக இருந்தால் பிரமை என்று தள்ளிவிடலாம். பாய் முணுமுணுவென்று ஏதோ ஓதிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினார். கதவைச் சத்தமில்லாமல், மரியாதையாகச் சாத்தினார்.

"வண்டி தங்கமான வண்டி அண்ணே. குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அங்க கேமராதான் பாத்துச்சு. இங்க ஆளே உக்காந்து பாக்குது. நான் பஸ்ல போயிட்டு வரேன்."

கேட் திறந்ததும் நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராக ஏலாக்குறிச்சி மாதா கோவிலுக்கு விட்டேன். அடைக்கல மாதா முன்னால் முழங்காலில் விழுந்தேன். ரோஸ் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தாயே! இந்த வண்டிய என் உசுரு இருக்கற வரைக்கும் விக்க மாட்டேன். இனிமே அந்த ஸ்டீயரிங்கையே தொட மாட்டேன். எங்க மாமாவ மட்டும் கொஞ்சம் எறங்கச் சொல்லு!"

"நல்லா சத்தமா நேர்ந்துக்குங்க," என்றாள் ரோஸ். இன்னொரு முறை சத்தமாக நேர்ந்துகொண்டேன். பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த இரண்டு அம்மாள்களும் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

மனசு லேசானது. வெளியே வந்து வண்டியின் முன்சீட்டில் சாய்ந்து, இனி எனக்கெதற்கு என்று சாவிக்கொத்தை டேஷ்போர்டில் வீசினேன். அது விழவில்லை. குறுக்கே தாவி, மாதா சுரூபத்தின் காலடியில் ஒட்டிக்கொண்டது.

பிடித்து இழுத்தேன். வர மறுத்தது. சுரூபத்தைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் ரேடியோ பெட்டியிலிருந்து எடுத்த காந்தம், கறுப்பாக, கனமாக. முள் தொப்பென்று பூஜ்யத்தில் விழுந்தது.

"ரோஸு! இது காந்தம்!"

"ஆமாங்க. மீட்டருக்குள்ளயும் காந்தம்தான சுத்துது. மேல ஒண்ணு வச்சா முள்ளு அப்படியே நின்னுக்கும்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அப்பாதான். ஒட்டுனதே அவருதான். அம்மாவுக்கு வேகம்னா பயம். ரெண்டு மூணு எடத்துல வச்சுப் பாத்து, கரெக்டா நாப்பதுல நிக்கற எடத்தக் கண்டுபுடிச்சாரு. எழுவதுல போவாரு. அம்மா முள்ளப் பாத்துக்கிட்டே செபமாலை சொல்லிட்டு வருவாங்க. சாகுற வரைக்கும் நம்புனாங்க."

ஊர் முழுக்கப் புகழ்ந்த நாற்பது அதுதான். மாமனார் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"நேராச் சொல்லியிருக்கலாமே, விக்காதீங்கன்னு!"

"சொன்னா கேட்டுருப்பீங்களா?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்கப்பான்னு எனக்கு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதாங்க."

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. உடனே இன்னொன்று ஞாபகம் வந்தது.

"சரி. அந்தப் பொடி வாசனைக்கு என்ன பண்ணுன?"

கதவருகே நின்றிருந்த ரோஸ் என்னைப் பார்த்தாள். பிறகு, கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் பின்சீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"அத நான் பண்ணலீங்க."

வெளியே மெழுகுவத்தி விற்கிறவர்களின் சத்தம்கூட நின்று போனது போலிருந்தது. நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தேன்.

"எங்க போறீங்க?"

"வூட்டுக்கு. ஏமாத்தி வாங்குன நேர்ச்சை செல்லாது. நான் ஓட்டறேன்."

"நேர்ந்தது எங்கிட்ட இல்லீங்க, மாதாகிட்ட. அதுவும் ரெண்டு தடவ. தள்ளி உக்காருங்க."

சுற்றி வந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள். புடவையை இழுத்துச் செருகினாள்.

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முந்தி இந்த வண்டிய நானுந்தான ஓட்டுவேன்."

"சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

சுரூபத்தை என் கையிலிருந்து வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. முள் எழுந்தது. நாற்பது வந்தது, போனது. ஐம்பது, அறுபது, எழுபது. போனை எடுத்துப் பார்த்தேன். எழுபத்தெட்டு. முள்ளும் எழுபத்தெட்டு. பின்சீட்டில் யாரோ திருப்தியாகத் தொண்டையைச் செருமினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ரோஸு, ஒன்னக் கும்புடறேன். நாப்பதுல போ!"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கைப்பையை என் மடியில் தள்ளினாள்.

"மாதாவ எடுத்து மேல வச்சுக்குங்க."