டிராம் பாயின் பதினோரு வார்கள்

ஓடாத வண்டியில், விழுந்துவிடாமல் கைப்பிடி வாரைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் டிராம் பாய் ஒருவர்தான்.

ஆம்பூரில் நான் ஆபீஸ் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் அவர் ஃபினிஷிங் செக்‌ஷன். ஒருமுறை கம்பெனி செலவில் சென்னைக்கு ரயில் மியூசியம் பார்க்கப் போனோம். எல்லோரும் குட்டி ரயிலுக்கு ஓட, பாய் மட்டும் கொட்டகையில் பழுதுபார்க்கக் காத்திருந்த பழைய டிராமில் ஏறி, மேலே தொங்கிய தோல் வார்களை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தார். மொத்தம் பதினொன்று.

"தோலு இன்னும் உயிரோட இருக்குது தோஸ்த். கை எண்ணெ படாம காஞ்சு கெடக்குது, அதான் பேஜார்!"

வார்கள் வெடித்துவிட்டால், வண்டியைப் பழுதுபார்க்கும்போது கழற்றி எறிந்துவிட்டு நைலான் மாட்டிவிடுவார்கள் என்று அங்கிருந்த வாட்ச்மேன் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். அன்று பாய்க்குப் பிரியாணி இறங்கவில்லை. ஆம்பூர்க்காரருக்குப் பிரியாணி இறங்கவில்லை என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் ரயிலேறினார். டிக்கெட் வாங்கி உள்ளே போய், ஒரு வாருக்குக் கால் மணி நேரம் என்று முறைவைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூடப்போன நான், "கொஞ்சம் உக்காருங்களேன் பாய்" என்றேன்.

"உக்காந்தா இத்த எவன் புடிப்பான்?" என்று முறைத்து, என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்.

ஒரு ஞாயிறு, வீட்டில் வைத்து எண்ணெய் போடப் பதினொன்றையும் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டார். ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் முப்பது வருஷமாகக் கம்பெனி கேட்டில் சோதனை கொடுத்த உடம்பாயிற்றே! மியூசியம் வாசலில் தானாக நின்று, பையைத் திறந்து காட்டி, இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

வாட்ச்மேன் பதறிப்போனார். "யோவ், இன்னாய்யா இது?"

"வண்டியோடதுதாம்பா. எண்ணெ போட்டு அடுத்த ஞாயித்துக்கெழம எடுத்தாறேன்."

அதிகாரி முன்னால் நிறுத்தினார்கள். போலீசைக் கூப்பிடலாமா என்று அவர் யோசிப்பதற்குள், பாய் ஒரு வாரை அவர் கையில் கொடுத்தார். "மடிச்சுப் பாருங்க சார். ஒரு வெடிப்பு வுழுதா?"

விழவில்லை. அதிகாரி இரண்டு தரம் மடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். வார்கள் திரும்பத் தொங்கின. எண்ணெய்ப் புட்டியோடு உள்ளே வந்துபோக பாய்க்கு அனுமதியும் கிடைத்தது.

இப்போது பாய்க்கு மூட்டுவலி, ரயிலேற முடியவில்லை. போன மாதம் அவருக்காக நான் போனேன். வண்டியைப் பழுதுபார்க்க இன்னும் முறை வரவில்லை. உள்ளே அந்த வாட்ச்மேன் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்!

"பாய் வரலியா சார்? பத்து முடிச்சிட்டேன். கடைசி ஒண்ண நீங்க புடிங்க."

பிடித்துக்கொண்டே பாய்க்குப் போன் போட்டேன். "பாய், பதினொண்ணும் நல்லா இருக்குது."

ஒவ்வொரு வாராகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "கெட்டியா புடிச்சுக்க தோஸ்த். வுழுந்துடப் போற" என்றார்.

கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.