வீடு பார்த்த கூலி

செத்தாலும் மச்சான் ஏகாம்பரத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பதில்லை என்பது பாண்டுரங்கனின் தீர்மானம். சாவதற்குள் அந்த வீடே விலைக்கு வந்துவிட்டது.

உத்திரமேரூரில் கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தா அவர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். இந்த ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, அடுப்பு அணைந்து, மனைவி ஆதிலட்சுமி தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு சோறு வடித்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கடைசியில் சொன்னாள்.

"அண்ணன் பக்கத்து வூட்ட விக்கறாங்களாம். பன்னெண்டாயிரம். என் நகையும் உங்க சங்கத்துக் கடனும் போதும்."

மச்சான் பல் விளக்குமுன்பே பிறருக்குப் புத்தி சொல்கிறவர். அந்தப் புத்தியைக் கேட்டு விற்ற ஒன்றரைக் காணி நிலத்தை நினைத்தால் பாண்டுரங்கனுக்கு இன்றும் சோறு இறங்காது. ஆனால் வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லத் தைரியம் ஏது? விவரம் தெரிந்த ஒருவர் வீட்டைப் பார்த்துச் சொல்லட்டும் என்றார். அவளும் சரி என்றாள்.

பார்த்துச் சொல்ல இருபது ரூபாய் கேட்டார் கன்னியப்பன் மேஸ்திரி. நாஷ்டா தனி. பாண்டுரங்கன் அவரை டீக்கடைக்குத் தனியாக அழைத்துப் போய், வீடு உதவாது என்று சொல்ல மேற்கொண்டு முப்பது கொடுத்தார்.

"அது தேக்கு உத்தரம் சார், நூறு வருசம் அசையாது. நல்லா கீதுன்னு சொல்லத்தான் துட்டு குடுப்பாங்க" என்று மேஸ்திரி விழித்தார். ஆனாலும் நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் வீடு பார்க்கப் போனபோது அதை விற்கிற வேதாசலமும் வந்திருந்தார். நெல் வியாபாரி, நெல்லைத் தவிர வேறொன்றும் அறியாதவர். மேஸ்திரி உத்தரத்தைக் கம்பியால் குத்தினார். உள்ளே கரையான் அரித்துவிட்டது, அடுத்த மழைக்கு ஓடு தலையில் இறங்கும் என்றார். ஆதிலட்சுமியின் முகம் செத்துப்போயிற்று. சுவரை மெல்லத் தடவிப் பார்த்தாள். பாவி, இதற்கா துட்டுக் கொடுத்தோம் என்றிருந்தது பாண்டுரங்கனுக்கு.

அவள் வேதாசலத்தின் பக்கம் திரும்பினாள்.

"மேஸ்திரி சொன்னத கேட்டீங்க இல்ல? வெளிய தெரிஞ்சா யாரு வாங்குவாங்க? ஒம்போதாயிரம்னா நாங்களே எடுத்துக்கறோம்."

வேதாசலம் அழாத குறையாகப் பேசிப் பார்த்தார். ஒன்பதரைக்கு முடிந்தது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பாண்டுரங்கன் நனைந்துகொண்டே நடந்தார். மச்சானின் குரல் இப்போதே காதில் கேட்டது.

"தேக்குல எங்கனா கரையான் ஏறுமா?" என்றாள் ஆதிலட்சுமி. "மேஸ்திரிக்குத் தனியா எவ்ளோ குடுத்தீங்க?"

பொய் சொல்லவும் தெம்பில்லை. முப்பது என்றார்.

அவள் வருத்தத்தோடு தலையை அசைத்தாள்.

"உங்க கஞ்சத்தனம் போவாதே. அம்பதா குடுத்திருந்தா செவுரும் உதவாதுன்னு சொல்லியிருப்பாரு. ஒம்போதுக்கே முடிச்சிருக்கலாம்."