நன்றாகத் தூங்கினேன்

வெளியூர் பஸ் டிரைவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து ஏழு வாரம் ஆகியிருந்தது. எப்படியாவது மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். டாக்டரோ கறாராகச் சொல்லிவிட்டார். "ரெண்டு வாரம், தினம் எவ்வளவு தூங்கினீங்கன்னு எழுதிட்டு வாங்க. ஒழுங்காத் தூங்கினாத்தான் சர்டிபிகேட்."

தூக்கமோ அவர் இருந்த பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஒருக்களித்தால் தையல் சுண்டி இழுத்தது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷத்தில் மனைவியைக்கூட அவர் அப்படி அணைத்ததில்லை.

யோசித்து ஒரு திட்டம் போட்டார்.

"நீ உள் ரூம்ல படுத்துக்கோ. உன் குறட்டையில எனக்குத் தூக்கம் வரல."

"சரிங்க."

மறுபேச்சு பேசாமல் போனாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து குறட்டை, லாரி மேடேறுவதுபோல வந்தது. அந்தத் தைரியத்தில் எழுந்து நடந்தார், ஜன்னலோரம் நின்றார், நாற்காலியில் விழுந்தார். விடிந்ததும் நோட்டில் எழுதினார்: 'எட்டு மணி நேரம். நன்றாகத் தூங்கினேன்.' பதினாலு நாளும் இதே கதை.

"அடடே, என்னைவிட நல்லாத் தூங்குறீங்களே!" என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

மனைவி கைப்பையிலிருந்து மடித்த காகிதங்களை நீட்டினாள். "இதையும் பாத்துடுங்க டாக்டர்."

டாக்டர் வாய்விட்டுப் படித்தார். "ஒன்றரை மணி, எழுந்தார். இரண்டு, ஜன்னல். மூன்றே கால், நாற்காலி, பெருமூச்சு..."

"பொய்! நீதான் குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தியே!"

"விட்டேன். நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீங்க கண்ணை மூடிட்டு நடிப்பீங்க. அதான் கதவிடுக்குல பாத்துக்கிட்டே நானும் நடிச்சேன்."

"பதினாலு நாளுமா?"

"உங்க பின்னாடி நாப்பது பேர் உக்காந்து வர்றாங்களேங்க."

டாக்டர் பேனாவை மூடினார். சர்டிபிகேட் ஆறு வாரம் தள்ளிப் போனது.

டிரைவர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. தூரத்துக் குழியைக்கூடத் தப்பவிடாத கண்ணுக்கு, தினம் மாத்திரை எடுத்துத் தந்த முகம் தெரியாமல் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், "நீ படு. யார் வந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவள் படுத்தாள். போனை அணைத்துவிட்டு, கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குறட்டை இல்லை. சீரான மூச்சு மட்டும். இந்தத் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டுதானே எட்டு மணி நேரம் என்று எழுதினேன்?

கண் திறந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மேலே போர்வை. நெஞ்சில் தலையணை. கட்டில் காலி. சமையலறையில் காய் நறுக்கும் சத்தம்.

"மணி என்ன?"

"ஆறு. நாலு மணி நேரம் அசையாமத் தூங்கினீங்க. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டேன்."

"நீ தூங்கலையா?"

"காவலுக்கு உக்காந்தவரே தூங்கிட்டா, வேற யாரு முழிச்சிருக்கிறது?"