சாய்தளமும் நான் மறந்த அரையும்

புது மருமகளிடம் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. அவள் கணக்கிலேயே பட்டம் வாங்கியவள் என்றால் கேட்கவே கூடாது, கேட்காமலேயே சொல்லித் தொலைப்பாள். (நான் சொன்னேன்.)

போளூரில் பிறந்த என்னை ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் கட்டிக்கொடுத்த புதிது. நாத்தனார் செல்வியைப் பெண் பார்க்க அமிர்தி பக்கத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலி. எங்கள் வாசலோ இரண்டடி உயரம். ஏற்கெனவே வந்த வரன்கள் தட்டிப்போனதில் நொந்திருந்த என் மாமியார், "இதுவும் போச்சுன்னா நான் சோறே துன்ன மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். படிக்குப் பக்கத்தில் கான்கிரீட்டில் ஒரு சாய்தளம் போட முடிவாயிற்று.

"எவ்ளோ கலவை புடிக்கும்?" என்றார் மேஸ்திரி, பொதுவாக.

நான் முந்திக்கொண்டேன். "இருங்க மேஸ்திரி! இது முக்கோணப் பட்டகம். குறுக்குவெட்டுப் பரப்பை அகலத்தால பெருக்கினா கன அளவு வந்துடும்." உயரம் இரண்டு, நீளம் பன்னிரண்டு, பெருக்கினால் இருபத்து நான்கு. அகலம் நான்கு. "தொண்ணூத்தாறு கன அடி!"

மாமியார் எனக்குத் திருஷ்டி கழித்தார். முக்கோணத்தின் பரப்புக்கு அந்தப் பெருக்கலில் பாதிதான் என்பதை, ஒன்பதாம் வகுப்புக்கு டியூஷன் எடுத்த இந்த மகராசி மறந்தே போயிருந்தாள்.

எங்கள் மலையில் ஒரு வீட்டில் வேலை என்றால் ஊரே கைகொடுக்கும். இரண்டு கும்பலாகப் பிரிந்து, போட்டி போட்டு, ஜல்லி மணல் சிமென்ட் மொத்தத்தையும் ஒரே மூச்சில் குழைத்துவிட்டார்கள். ஒரு கும்பலின் கலவையிலேயே சாய்தளம் நிரம்பிவிட்டது.

"இன்னாம்மா இது, பாதி அப்பிடியே மீந்துபோச்சு?" என்றார் மேஸ்திரி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் அடங்கினால்தானே! "அகலத்த ரெண்டு மடங்காக்குங்க, கணக்கு சரியாயிடும்!"

கல் படிகளைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்து நிரப்பினார்கள். கணக்கு சரியாகிவிட்டது. வீட்டுக்குள் போகப் படிதான் இல்லை. போதாததற்கு மாமியார், "வர்றவங்க மூஞ்சி தெரியணும், வழவழன்னு தேய்ங்க" என்றார். மேஸ்திரியும் தேய்த்தார்.

அந்த ஞாயிறும் வந்தது. நாற்காலியை நான்கு பேர் பத்திரமாக மேலே ஏற்றிவிட்டார்கள். வந்தவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது வழக்கமாயிற்றே, நான்தான் செம்பை நீட்டினேன். மாப்பிள்ளை கழுவிக்கொண்டு, ஈரக்காலோடு பழத்தட்டை ஏந்தி மேலே ஏறினார். உச்சிக்குப் போனார். சர்ரென்று கீழே வந்தார். பின்னாலேயே ஆரஞ்சுப் பழங்களும் உருண்டு வந்தன.

மாமியார் தலையில் கை வைத்தார். வாசலில் பட்டுப்புடவையில் நின்ற செல்வி மட்டும் குபீரென்று சிரித்துவிட்டாள். போச்சு, எல்லாம் என்னால் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங்க, சிரிச்சது போதும், வந்து கை குடுங்க" என்றார் மாப்பிள்ளை.

அவள் இறங்கினாள். அவர் காலின் ஈரம் அங்கேயேதான் இருந்தது. சர்ரென்று போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

மேலே நாற்காலியில் இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டும் ஒரே எடத்துல போய்ச் சேந்துடுச்சு! இனிமே இன்னா பேச்சு, தட்ட மாத்துங்க!"

இன்றைக்கும் புருஷனோடு சண்டை வந்தால் செல்வி அம்மாவைக் கூப்பிடுவதில்லை. எனக்குத்தான் போன் வரும்: "அண்ணி, அன்னிக்கு ஒழுங்கா ரெண்டால வகுத்திருந்தா, நான் இன்னேரம் நிம்மதியா இருந்திருப்பேன்!"