ஒரு மயிரிழை கோணல்

நேர் பார்ப்பவர் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீங்கள் பாட்டுக்குச் சுவரில் படம் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். அவர் எங்கிருந்தோ வந்து பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, தலையைத் தோளோடு சாய்த்து, "வலது பக்கம் ஒரு மயிரிழை ஏத்துங்க" என்பார். ஏற்றினால் "இப்ப இடது பக்கம்" என்பார். கடைசியில் ஆணியே கையோடு வந்துவிடும். "நான் அப்பவே நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவரை யார் கூப்பிட்டது? யாரும் கூப்பிடவில்லை. கோணல் கூப்பிட்டது, வந்தார்.

இந்த இனத்தில் பிரிவுகள் ஏராளம். அடுத்தவர் வண்டி நிறுத்தியதை நேர் பார்ப்பவர், அடுத்தவர் எழுதிய கடிதத்தை நேர் பார்ப்பவர், அடுத்தவர் பிள்ளை வளர்ப்பதை நேர் பார்ப்பவர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். நமக்கு ஒருவர் போதும். கடலுக்குள் முங்கி மீன் சுடுகிற குழு ஒன்றில் அவருக்கு 'நேர்கோடு' என்று பெயர். ஆபீஸில் கணக்குத் தணிக்கை, வாரக் கடைசியில் கம்பித் தணிக்கை. இரண்டிலும் அவர் பிழை காணாமல் எழுந்ததில்லை.

மீன் துப்பாக்கியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. அதில் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. நீளமாக ஒரு கட்டை. அதன் மேல் விரல் பருமன்கூட இல்லாத ஓர் எஃகுக் கம்பி. கம்பியின் முனையில் குத்திய மீன் நழுவாமலிருக்க ஒரு முள். கம்பியைப் பின்னுக்கு இழுத்து மாட்ட ஒரு ரப்பர் பட்டை. விசையை அழுத்தினால் ரப்பர் சுருங்கும், கம்பி பாயும். மூச்சை அடக்கி, முங்கி, ஓசைப்படாமல் பக்கத்தில் போய், ஒரே ஒரு தடவை சுடலாம். தப்பிவிட்டால் மேலே வந்து, மூச்சு வாங்கி, கம்பியை நூலோடு இழுத்து, மறுபடி மாட்டிக்கொண்டு போக வேண்டும். அதுவரை மீன் காத்திருக்குமா? ஆகவே கம்பி நேராக இருக்க வேண்டும். பாறையில் மோதினால் வளைந்துவிடும், வளைந்தால் குறி போய்விடும். நேர்கோடு சொல்வதும் இதைத்தான். அவர் சொல்வதில் பொய்யே கிடையாது. அதுதான் அவரிடம் உள்ள தொல்லை.

சனிக்கிழமை வந்தால் அவர் வீட்டில் சாப்பாட்டு மேசை சாப்பாட்டுக்கு இல்லை. மைக்கா ஒட்டிய நீள மேசை. அதிலிருந்து தட்டு, தம்ளர், தண்ணீர்க் குடுவை எல்லாம் இறங்கிவிடும். குடும்பம் சமையலறையில் நின்றபடி சாப்பிடும். அவர் மேசையை ஈரத்துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து, கம்பியை முள் மேலே பார்க்கும்படி கிடத்தி, தரையில் மண்டியிட்டு, மேசை விளிம்பில் தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். எதிர்ப்பக்கம் அவர் மனைவி டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுப்பில் பால் இருந்தாலும் நிற்க வேண்டும். கம்பிக்கும் மேசைக்கும் நடுவே எங்கேயாவது வெளிச்சம் கசிகிறதா என்று அவர் பார்ப்பார்.

கசியும். கசியாமல் இருந்ததே கிடையாது.

"பாத்தியா? நடுவுல ஒரு மயிரிழை."

அப்புறம் முழங்காலில் வைத்து ஓர் அழுத்து, மரக்கட்டையில் வைத்து ஒரு தட்டு. மறுபடி டார்ச். வெளிச்சம் அடைபடும்வரை இந்தப் பூஜை நடக்கும். கம்பியை மேசையில் உருட்டிப் பார்த்தாலே வளைவு தெரிந்துவிடுமே என்று குழுவில் யாரோ ஒருமுறை கேட்டுவிட்டார். நேர்கோடு அவரை இரக்கத்தோடு பார்த்தார். "உருட்டறது சோம்பேறிங்க வேலை. முள் இடிக்கும். வெளிச்சம் பொய் சொல்லாது" என்றார். வெளிச்சம் பொய் சொல்லாது என்ற பிறகு யார் என்ன பேச முடியும்? கேட்டவர் தம் கம்பியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படிக் குழுவில் எல்லாருடைய கம்பியும் அந்த மேசைக்கு வந்து போயிற்று. கடையிலிருந்து அட்டைக் குழலோடு வந்த புதுக் கம்பியும் அந்த மேசையில் கிடத்தினால் கோணல்தான். "கடைக்காரன் தலையில கட்டிட்டான்" என்று அனுதாபப்பட்டு அதையும் நேராக்கிக் கொடுத்தார். காசு வாங்குவதில்லை, டீ கூடக் கேட்பதில்லை. இப்படிப்பட்ட மனிதரை எப்படித்தான் சந்தேகப்படுவது?

ஒன்றுதான் விளங்கவில்லை. நேராக்கிய கம்பிகள் மீனின் முதுகுக்கு மேலே போயின. எல்லாருக்கும் மேலேயே போயின. ஒருவர் ரப்பரை மாற்றினார். ஒருவர் முகக்கண்ணாடியை மாற்றினார். ஒருவர் தண்ணீருக்குள் பொருள்கள் இடம் மாறித் தெரியும் என்று புத்தகம் வாங்கிப் படித்தார். நேர்கோட்டின் கம்பியும் மேலேதான் போயிற்று. அதற்கு நீரோட்டம் காரணம். மற்றவர்களுடையதற்கு? "கம்பி நேரா இருக்கு. நான் கியாரண்டி. அதுக்கும் மேல தப்புதுன்னா கை" என்பார்.

இந்தக் 'கை'யில்தான் வினை வந்தது.

அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, அதே குழுவில் இருந்தான். தொழிலில் பல் டாக்டர். குழுவில் அவனைப் போல் மூச்சடக்க ஆள் கிடையாது. முங்கினால் படகில் இருப்பவர்கள் கவலைப்பட ஆரம்பிக்கும் நேரத்தில் சாவகாசமாக மேலே வருவான். ஆனால் வெறுங்கையோடு வருவான். போன பருவம் முழுக்க ஒரு மீன் கிடையாது. குழுத்தலைவர் நேர்கோட்டைத் தனியே அழைத்துக் காரணம் கேட்டார். நேர்கோடு பெருமூச்சு விட்டு, "வெளிய சொல்லாதீங்க. பையனுக்கு மணிக்கட்டு லேசா உதறுது" என்றார்.

வெளியே சொல்லாதீர்கள் என்று சொன்ன செய்தி எங்கே நின்றிருக்கிறது? குழுவில் பாதிப் பேர் மைத்துனனிடம்தான் பல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை உதறுகிற பல் டாக்டரிடம் யார் வாயைத் திறப்பார்கள்? ஒருவருக்குத் திடீரென்று பல் வலி நின்றுவிட்டது. இன்னொருவர் வீங்கிய கன்னத்தோடு வேறு தெருவுக்குப் போனார். இது போதாதென்று மைத்துனனே தன் கையைச் சந்தேகப்பட ஆரம்பித்தான். பல்லைத் துளைக்கும் முன் கையை நீட்டி, விரல்களை ஒரு பார்வை பார்த்துக்கொள்வான். நாற்காலியில் படுத்திருப்பவரும் அதைப் பார்ப்பார். வரும் ஞாயிறு குழுவின் பந்தயம். அதிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால் துப்பாக்கியை விற்றுவிட்டுப் படகில் கயிறு பிடிக்கப் போவதாக அக்காவிடம் சொன்னான். அக்கா நேரே கணவரிடம் போனாள்.

"நீங்கதானே அவன் கை உதறுதுன்னு சொல்லி வச்சது?" என்று கணவரைக் கேட்டாள்.

"உள்ளதைத்தானே சொன்னேன். அவன் நல்லதுக்குத்தான்."

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மைத்துனன் புதுக் கம்பியோடு வந்தான். கடைசித் தடவை, எதிலும் குறை இருக்கக் கூடாது என்று கடையில் இருந்ததிலேயே நல்லதாக வாங்கியிருந்தான். நேர்கோடு மேசையைத் துடைத்து, கம்பியைக் கிடத்தி, மண்டியிட்டார். டார்ச் இந்தத் தடவை மைத்துனன் கையில். வெளிச்சம் கசிந்தது.

"உன் ராசி, மச்சான். இதுலயும் ஒரு மயிரிழை."

அக்கா சமையலறையிலிருந்து தம்பிக்கு அவித்த முட்டை கொண்டுவந்தாள். கோபத்தில் இருந்ததால் தட்டை மேசை ஓரத்தில் கொஞ்சம் ஓங்கியே வைத்தாள். ஒரு முட்டை தட்டைத் தாண்டி இறங்கி, தள்ளாடித் தள்ளாடி உருண்டு, மேசையின் நடுவுக்கு வந்து கம்பியில் இடித்து நின்றது. மைத்துனன் அதைப் பார்த்தான். இன்னொரு முட்டையை எடுத்து மேசையின் மறு ஓரத்தில் வைத்துக் கையை எடுத்தான். அதுவும் கிளம்பி நடுவுக்கு வந்தது.

"அது அங்கதான் போகும்" என்றாள் அக்கா. "தண்ணி சிந்தினாலும் அங்கதான் வந்து நிக்கும். இவர் கடலுக்குப் போய்ட்டு வந்ததும், முங்கறதுக்காக இடுப்புல கட்டற ஈயப் பட்டையை அங்கதானே பொத்துனு போடறார். வருஷக்கணக்கா நடுவுல குழி. துடைக்கிற எனக்குத் தெரியாதா?"

நேர்கோடு மண்டியிட்டபடியே, ஒரு கண்ணை மூடி, இரண்டு முட்டைகளையும் பார்த்தார்.

"முட்டை எங்க நேரா இருக்கு? ஒரு பக்கம் கூரா இருக்கும். அது கோணலாத்தான் உருளும்."

மைத்துனன் டார்ச்சை அணைத்தான். கம்பியை எடுத்துக்கொண்டு போய், முள் இடிக்காதபடி ஓரத்துக்கு வெளியே நீட்டி, ஜன்னல் கண்ணாடியில் வைத்து மெல்ல உருட்டினான். கண்ணாடியோடு கம்பி ஒட்டிக்கொண்டு உருண்டது. எந்த இடத்திலும் இடைவெளி இல்லை. திரும்பி வந்து, "இது இப்படியே இருக்கட்டும் அத்தான்" என்றான். அவர் தட்டி நேராக்காத கம்பி ஒன்று அந்த வீட்டைவிட்டு வெளியே போனது அன்றுதான்.

அவன் போன பிறகு, மனைவியும் உள்ளே போன பிறகு, நேர்கோடு ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். அது யோசிக்காமல் நடுவுக்குப் போயிற்று. வேறு ஓரம். நடுவு. இத்தனை நாளும் கம்பிகளை அவர் இந்தக் குழிக்குத்தான் வளைத்திருக்கிறார், முள் முனை மேலே தூக்கும்படி. ரப்பரை மாற்றியவர், புத்தகம் வாங்கியவர், வீங்கிய கன்னத்தோடு வேறு தெருவுக்குப் போனவர், எல்லாரும் வரிசையாகக் கண்ணுக்குள் வந்தார்கள். மைத்துனன் விரல்களை நீட்டிப் பார்த்துக்கொள்வதும் வந்தது. ஒரு நிமிஷம் அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் பழத்தை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். காம்புப் பக்கம் கொஞ்சம் சப்பையாக இருந்தது. நிம்மதியாக உரித்துச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் முதல் முங்கலிலேயே தொடை பருமன் மீன் ஒன்றைக் கொண்டுவந்தான். தலைக்குப் பின்னால், நட்ட நடுவில் குத்து. அடுத்த முங்கலில் இன்னொன்று. மற்றவர்கள் எல்லாரும், நேர்கோடு உட்பட, மீன்களின் முதுகுக்கு மேலே நேராகச் சுட்டுவிட்டுத் திரும்பினார்கள். கரையில் கூட்டம் கூடிவிட்டது. குழுத்தலைவர் மைத்துனனின் வலது கையைப் பிடித்துக் குலுக்கி, விடாமல் வைத்துப் பார்த்தார். உதறல் இல்லை. வீங்கிய கன்னம் முன்னால் வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரலாம் டாக்டர்?" என்றது.

"எப்படிப்பா?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

நேர்கோடு மீனைக் குனிந்து பார்ப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். மைத்துனன் அவரை ஒரு தடவை பார்த்தான். பல் டாக்டர்கள் வலி தெரியாமல் பிடுங்கப் படித்தவர்கள்.

"நேத்து அத்தான்தான் கம்பியைப் பார்த்தார்" என்றான்.

பார்த்தார். பொய்யில்லை. நேர்கோட்டுக்கு அப்போது இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. திறந்தபோது எல்லாரும் அவருடைய முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமி, மீனைச் சுட்டிக்காட்டி, "ஒரு மயிரிழை கீழ விழுந்திருக்கு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் வரிசை நின்றது. எல்லார் தோளிலும் கம்பி. ஆனால் நடுவில் ஒரு காரியம் நடந்திருந்தது. அவர் ஆபீஸில் இருந்த நேரத்தில் அக்காவும் தம்பியும் மேசைக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, குழியைத் தூக்கி, ஜன்னல் கண்ணாடியைப் போல் சமமாக்கியிருந்தார்கள். நல்லவேளை, இனிமேல் வருகிற கம்பியாவது பிழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. அவரிடம் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்லி அவரை நோகடிப்பானேன்?

நேர்கோடு மேசையைத் துடைத்தார். வரிசைக்கு மாதிரி காட்டுவதற்காகத் தம் சொந்தக் கம்பியை, பல சனிக்கிழமைகள் பாடுபட்டு நேராக்கிய கம்பியை, முதலில் கிடத்தினார். கம்பி நடுவில் தொட்டது. இரண்டு நுனியும் தூக்கிக்கொண்டு நின்றன. விரலால் ஒரு நுனியை அழுத்தினார். மறு நுனி எழுந்தது. கடலில் படகு ஆடுவதுபோல் கம்பி ஆடிற்று. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மனைவி டார்ச்சைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

அவர் மேசைக்கு அடியில் குனிந்து போனார். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் கட்டை இருந்தது.

"மேசையை யாரோ கெடுத்து வச்சிருக்காங்க" என்றார். "நல்லவேளை, நான் பாத்தேன். அடுத்தவங்க வாங்க."

இவ்வளவுதான் நேர்கோடு. சிரித்தீர்களா? சந்தோஷம். சிரித்துக்கொண்டே இரண்டு மூன்று பேரை நினைத்திருப்பீர்கள். இதை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்றுகூட யோசித்திருப்பீர்கள். கொடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அதற்கு முன்னால் உங்கள் வீட்டு மேசையில் ஒரு முட்டையை வைத்துப் பாருங்கள். அது உருண்டால், தயவுசெய்து முட்டையைத் திட்டாதீர்கள். அப்புறம், மூடியிருக்கிற அந்த ஒரு கண்ணை இப்போது திறந்துகொள்ளலாம்.