அந்தூரியத்துக்குக் கற்பூரத் தண்ணீர்

அன்புள்ள மருமகன் ஸப்ரிக்கு உங்கள் மாமா ஜவுபர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் மாமி ஸைனம்புவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்கள் சுகத்தையும், எனக்கு வேலை இல்லாமல் போன உங்கள் நர்சரியின் சுகத்தையும் அறிய ஆவல்.

நேற்று போனில், "மாமா, இனி வர வேணாம், வீட்டில ஆறுதலா இரிங்க" என்றீர்கள். காரணம் கேட்குமுன் வைத்துவிட்டீர்கள். காரணம் எனக்குத் தெரியும். மாலைதீவுக்குப் போகும் அந்தூரியக் கன்றுகளில் ஒரு பூச்சியோ ஒரு பொட்டு மண்ணோ இருக்கக் கூடாது, கழுவித் தாருங்கள் என்றது நீங்கள். எப்படிக் கழுவுவது என்று சொல்லவில்லை. முப்பத்தாறு வருடமாகக் கல்முனையில் இறந்தவர்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவன் நான். இதுவரை குளித்தவர்கள் ஒருவரும் குறை சொன்னதில்லை. ஆகவே தெரிந்த முறையில் செய்தேன். வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம், மூன்று தரம். இடையில் இலந்தை இலைத் தண்ணீர், கடைசியில் கற்பூரத் தண்ணீர், பிறகு வேருக்கு வெள்ளைத் துணி. வீண்கதை கூடாது என்றும் சொன்னேன். அதற்கு வேலைக்கு நின்ற ஸுஹைறா, "காக்கா, எனக்கு நெஞ்சு படபடக்குது, நான் வீட்ட போறன்" என்று போய்விட்டாள். கூட நின்ற பஸ்லியா அழுதே விட்டாள். யாருக்காக அழுகிறாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. வரிசையாகக் கிடந்த நாற்பது வெள்ளைப் பொட்டலங்களைப் பார்த்த பரிசோதனை அதிகாரி சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பூதக்கண்ணாடி வைத்து இலை இலையாகத் தேடினார். ஒரு பூச்சி கிடைத்ததா? கையெழுத்துப் போட்டாரா இல்லையா?

பிறகு என்னை நிறுத்துவது என்ன நியாயம்? ஊரில் மௌத்து விழுந்தால்தான் என்னைத் தேடுகிறார்கள். உயிருள்ள ஒன்றைக் கழுவி அனுப்பியது இதுதான் முதல் தடவை. நான் குளிப்பாட்டியது இன்னொரு நாட்டில் பூக்கப் போகிறது என்று எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். அதை விட்டுத்தர மாட்டேன். நீங்கள் கேட்டைப் பூட்டினாலும் செவ்வாய்க்கிழமை வருவேன். கற்பூரத்தையும் குறைக்க மாட்டேன். உம்மாவிடம் முறையிடுங்கள், அவள் எனக்குத் தங்கச்சி, பயமில்லை.

தொழிலில் பறக்கத்தையும், மாமன்மாரிடம் கொஞ்சம் மரியாதையையும் அல்லாஹ் உங்களுக்குத் தருவானாக. வஸ்ஸலாம்.

ஜவுபர்

பி.கு.: இதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "மருமகனை ஏன் ஏசுறீங்க? நான்தான் ஒங்கள நிப்பாட்டச் சொன்னன். முதுகு நோகுதெண்டு ராவெல்லாம் முனங்குறது ஆரு?" என்கிறாள். ஆகவே மேலே உள்ள ஏச்செல்லாம் மாமிக்குரியது. துஆ மட்டும் உங்களுக்கு. செவ்வாய்க்கிழமை வர மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கன்றுகளை மேசையில் ஏற்றி வையுங்கள், குனியத் தேவையிருக்காது. புதன்கிழமை வருகிறேன்.